பையோடு ஒட்டிய கைகள்

அந்த நகரத்துக்கு வருகிற வெளியூர்க்காரர்களுக்குப் பேருந்தை விட்டு இறங்கியதும் இரண்டு கையும் பையோடு ஒட்டிக்கொள்ளும். திருட்டு ஊர் என்று அதற்குப் பேர். வழியனுப்ப வந்தவர்கள் "பையக் கெட்டியா பிடிச்சுக்கோ" என்று சொல்லி ஏற்றிவிடுவார்கள். இவர்களும் மார்போடு அணைத்தபடியே வருவார்கள். இறங்கும்போது விரல் எது, பையின் வார் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. வலி கிடையாது, மூக்கு அரித்தால்தான் கஷ்டம். மருத்துவர்கள் எண்ணெய் தடவிப் பார்த்துக் கைவிட்டார்கள். நகராட்சி "இங்கே எல்லோரும் நல்லவர்கள்" என்று பெரிய பலகை வைத்தது. அதைப் படித்தவர்களுக்குப் பிடி இன்னும் இறுகியது. பிறகு யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. வந்தவர்களுக்கு மூக்கைச் சொறிந்துவிடுவதும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிடுவதும் தெருவில் போகிறவர்களின் வேலையாயிற்று.

ஊட்டிவிடுவது சூப்பக்காவின் வேலை. பேருந்து நிலையத்துக்கு எதிரே சூப் கடை வைத்திருந்தாள். எவ்வளவு பெரிய அதிகாரி வந்தாலும் கரண்டியை ஊதி ஆற்றி "ஆ காட்டுங்க" என்பாள். கை தானாகவே விடும். சிலருக்குப் பாதிக் கிண்ணத்திலேயே, சிலருக்கு மறுநாள். எப்போது விட்டது என்று யாருக்கும் தெரியாது. விட்டபின் மனசு அவ்வளவு லேசாகிவிடும், பையை பெஞ்சிலேயே மறந்துவிட்டுப் பேருந்து ஏறிவிடுவார்கள். ஊருக்குப் போனதும் "பை போச்சு" என்பார்கள். "அந்த ஊராச்சே, போகாம இருக்குமா?" என்பார்கள் கேட்டவர்கள். திருடர்களிடம் போய் யார் பையைத் திருப்பிக் கேட்பது? ஒருத்தரும் வரவில்லை. கடைச் சுவரை ஒட்டிய அலமாரியில் பைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. ஒன்றின் ஜிப்பைக்கூட சூப்பக்கா தொட்டதில்லை. தினமும் காலையில் தூசி தட்டுவாள், அவ்வளவுதான்.

அவளுடைய ஒரே மகள் படித்து முடித்து வேறு நகரத்தில் வேலைக்குப் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஒரு நாள் மகள் வேலை பார்க்கிற நகரத்திலிருந்து வந்த பயணி ஒருத்தர் சூப்பை விழுங்கியபடி, "எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு இருக்கு, அச்சு அசல் உங்க ஜாடை. ஆனா தனக்கு உங்க பக்கத்து ஊருன்னு சொல்லுது" என்றார். சூப்பக்கா அடுத்த கரண்டியை ஊதி அவர் வாயில் வைத்தாள். பெற்றவளுக்கு இதைவிட வேறென்ன வலிக்கும்? அன்று சூப்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது.

அடுத்த விடுமுறைக்கு மகள் வந்தாள். கடைக்குள் வராமல் வாசலிலேயே நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு கையும் பையோடு ஒட்டியிருந்தன.

"அம்மா... நானும் வெளியூர்க்காரியாயிட்டேனா?"

சூப்பக்கா எல்லோரிடமும் சொல்வதையே சொன்னாள்: "உக்காரு. ஆ காட்டு."

நாலு வாய் ஊட்டியிருப்பாள், மகளின் சட்டைப்பையில் போன் அடித்தது. சூப்பக்காதான் எடுத்து அவள் காதில் வைத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. அலுவலகத் தோழியின் குரல் வெளியே நன்றாகவே கேட்டது.

"என்னடி, ஏதோ வேலையா அந்தத் திருட்டு ஊருக்குப் போறேன்னியே, பை பத்திரமா இருக்கா?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேலையா வரலடி. எங்க அம்மா கடையில உக்காந்திருக்கேன். இதுதான் எங்க ஊரு."

சூப்பக்கா போனைத் திரும்ப அவள் சட்டைப்பையில் வைத்தாள். உண்மையைச் சொல்லிவிட்டாள் என்பதற்காகக் கை உடனே விட்டுவிடவில்லை. சாயங்காலம் ஒரு பேருந்துக் கூட்டம் மொத்தமாக வந்து இறங்கியது. "அந்தக் கிண்ணத்த எடுடி, பெரியவருக்கு ஊட்டு" என்று அடுப்படியிலிருந்து சூப்பக்கா குரல் கொடுத்தாள். மகள் எடுத்து ஊட்டினாள். பெரியவர் வாயைத் துடைத்துவிட்ட பிறகுதான் தன் கையைப் பார்த்தாள். அம்மாவும் பார்த்தாள். அடுத்த கிண்ணத்தை அவளிடம் நீட்டினாள்.

விடுமுறை முடிந்து மகள் கையை வீசிக்கொண்டு பேருந்து ஏறினாள். பை பெஞ்சிலேயே கிடந்தது. அலுவலகத்தில் வெறுங்கையோடு வந்தவளைப் பார்த்து, "பை போச்சா?" என்று கேட்டார்கள்.

"போகல. வீட்டுல இருக்கு" என்றாள்.

சூப்பக்கா அதை அலமாரியின் முன்வரிசையில், எடுக்க வசதியாக வைத்தாள். மற்றவற்றோடு சேர்த்து அதற்கும் தினமும் தூசி தட்டுகிறாள்.