தங்கபுஷ்பம் எழுதிய விடியல்

ஆவாரம்பட்டியில் யாராவது நிபந்தனை எழுதிக் கொடுத்தால்தான் சூரியன் உதிக்கும். பெரிய புரோகிராம் எதுவும் வேண்டாம். இது நடந்தால் உதி, இல்லையென்றால் இப்படிச் செய் என்று இரண்டு வரி போதும். அதனால் அந்த வேலையைக் கம்ப்யூட்டர் சென்டரில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கே கொடுத்துவிடுவார்கள். எழுதிய வரிக்குப் பொழுது விடிந்தால் பாஸ்.

அன்று தங்கபுஷ்பத்தின் முறை. சென்டரில் சேர்ந்தபோதே, "மாவாட்டுற கைக்கு மவுஸ் எதுக்கு மதினி?" என்று நாத்தனார் இசக்கியம்மாள் கேட்டிருந்தாள். இதில் தோற்றால் ஆயுசுக்கும் அந்தப் பேச்சுத்தான்.

மற்றவர்கள் எல்லாம் 'சேவல் கூவினால் உதி' என்று எழுதுவார்கள். இவளோ, 'தங்கபுஷ்பம் வீட்டுச் சேவல் கூவினால் உதி' என்று எழுதினாள். ஊரே தன் பேரைச் சொல்லி விடியட்டுமே! அந்தக் குஷியில் 'இல்லையென்றால்' எழுத மறந்துபோனாள்.

புருஷன் பொன்னுசாமிக்குத் தலைகால் புரியவில்லை. "நாளைக்கு என் பொண்டாட்டி எழுதித்தான்வே விடியப்போவுது" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்து, விருந்துக்கு அந்தச் சேவலையே அடித்தார். இசக்கியம்மாள் குழம்பு வைத்தாள். தங்கபுஷ்பம் ரெண்டு துண்டு கூடவே போட்டுக்கொண்டாள்.

காலையில் ஊர்ச் சேவல்கள் தொண்டை கிழியக் கூவின. சூரியன் அசைந்து கொடுக்கவில்லை. பால்காரர் டார்ச் அடித்துப் பால் ஊற்றிவிட்டுப் போனார். சென்டர் மிஸ் லேப்டாப்போடு வந்து நின்றாள்.

"அக்கா, உங்க சேவல் கூவலேன்னா என்ன செய்யணும்னு நீங்க சொல்லவே இல்லையே. அதான் அங்கனயே நிக்குது. ஒரு வரி சேத்துக்கிடலாம். அதுவும் சரிவரலேன்னா ஃபெயில்தான்."

தங்கபுஷ்பத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் விட்டுக்கொடுக்கிற ஆளா அவள்? மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, 'இல்லையென்றால், அதைக் குழம்பு வைத்தவர் கூவினால் உதி' என்று தட்டினாள்.

"கூவு இசக்கி" என்றாள்.

இசக்கியம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். குழம்பு வைத்த அடுப்பு பின்வாசலில்தான் இருந்தது. அங்கே போய், மேற்கே பார்த்து நின்று, அடிவயிற்றிலிருந்து கூவினாள்.

சூரியன் மேற்கே உதித்தது.

"பாஸ்" என்றாள் மிஸ்.

பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "எங்க மதினி எழுதுனதாக்கும்" என்றாள் இசக்கியம்மாள். தங்கபுஷ்பம் வாசலில் கட்டியிருந்த துணி காயப்போடும் கொடியை அவிழ்த்துக் கொண்டுவந்து பின்வாசலில் கட்டினாள்.