பதினோரு வாத்தியக்காரர்

உலக சங்கீதத்தின் வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம்: பேராசான் ராமாமிர்தம் பதுளையில் கால் வைப்பதற்கு முன்பு, வைத்த பிறகு. இது வாய்ப்புகழ்ச்சி அல்ல, அச்சில் வந்த செய்தி. அச்சடிக்கக் கொடுத்தவர் ராமாமிர்தம்.

பதுளைக் கடைவீதியில் அவர் ஆர்மோனியமும் கிராமபோனும் விற்றார். வாசலுக்கு மேலே தகரப் பலகையில் 'பதினோரு வாத்திய வித்தகர்' என்று எழுதியிருந்தது. அதில் பொய் இல்லை. பதினொன்றையும் வாசிப்பார், ஒவ்வொன்றையும் ஒரு நிமிஷம். பிடிலை எடுத்து நாலு இழுப்பு இழுப்பார். கூட்டம் தலையாட்டத் தொடங்கும்போது கண்ணை மூடி, "போதும், அடுத்தது கோவிச்சுக்கும்" என்று கிளாரினெட்டுக்குத் தாவிவிடுவார். ஒரு வாத்தியத்தில் தெரிந்தது தீருகிற இடமும், அடுத்ததன் மேல் பாசம் பொங்குகிற இடமும் எப்போதும் ஒன்றாகவே இருந்தன. இதைக் கவனித்தவர் எதிர்க்கடை குடைக்கார அஸீஸ் ஒருவர்தான்.

"மாஸ்டர், நானும் ஆறு வருஷமாக் கேட்டுக்கிட்டு இருக்கேன். ஒரு பாட்டாவது கரை சேருமா?"

"சமுத்திரத்துக்கு ஏதுங்க கரை?" என்றார் ராமாமிர்தம்.

சென்னைப் பட்டணத்து பேண்டில் பன்னிரண்டு வருஷம் வாசித்ததாகவும் சொல்லிக்கொள்வார். அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் சென்னையில் அவரை யாரும் பார்த்ததில்லை. அவரும் சென்னையைப் பார்த்ததில்லை.

பதுளைக்கு ரயில் வந்த மறு வருஷம், ஒரு வியாழக்கிழமை, அப்புத்தளை துரைமார் கிளப்பிலிருந்து அவருக்குத் தந்தி வந்தது. சனிக்கிழமை பகல் தேநீர் நடனம். கொழும்பிலிருந்து ஸரூக் மாஸ்டரின் ஜாஸ் கோஷ்டி வந்து இறங்கியிருக்கிறது, ஆனால் வாத்தியம் குறைகிறது. பதினோரு வாத்தியக்காரர் உடனே வரவும். வாசிப்பு பிடித்திருந்தால் கிளப்புக்கு நிரந்தர பேண்ட் மாஸ்டராக நியமிப்பார்கள்.

இந்தக் கடைசி வரியை ராமாமிர்தம் கடைவீதியில் நாற்பது பேருக்குப் படித்துக் காட்டினார். இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கு இரண்டு தடவை. வெள்ளிக்கிழமை மாலைக்குள் தங்கச் சரிகை வைத்த சிவப்புக் கோட்டு தைத்தாகிவிட்டது. இனி வேலை கிடைக்காமல் பதுளைக்குத் திரும்புவதென்றால் அந்த நாற்பது பேரும் தூங்கின பிறகுதான் திரும்ப வேண்டும்.

புறப்படும்போது மனைவி மீனாம்பாள் சொன்னாள்: "அங்கயும் குரங்காட்டம் தாவாதீங்க. ஒண்ணைப் புடிச்சா ஒண்ணை வாசிங்க."

"சங்கீதத்தைப் பத்தி நீ பேசாத."

"நான் மானத்தைப் பத்திப் பேசுறேன். போறது அப்புத்தளைப் பக்கம். ஞாபகம் இருக்கட்டும்."

அதே ரயிலில் அஸீஸும் ஏறினார். அப்புத்தளையில் குடை விற்கப் போவதாகச் சொன்னார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

ஸ்டேஷனில் ஸரூக் மாஸ்டர் காத்திருந்தார். "சாக்ஸபோன் இல்ல, கிளாரினெட் இல்ல, பிடில் இல்ல" என்றார்.

"மூணு பேருமா படுத்துட்டாங்க?"

"ஒருத்தன்தான், நிஸாம். மூணும் அவன்தான் வாசிப்பான். ஜாஸ்ல அப்படித்தான், ஒருத்தனுக்கு ரெண்டு மூணு இருக்கணும். இவனுக்கு ரயில் வளைவுல தலை சுத்தி, இன்னும் எந்திரிக்கல. உங்களுக்கு ஜாஸ் தெரியும்தானே?"

"அது தெரியாமலா?" என்றார் ராமாமிர்தம். அந்தச் சொல்லைத் தந்தியில்தான் அவர் முதல் தடவை பார்த்திருந்தார்.

வாத்தியக்காரர்கள் பின்பக்கச் சமையல் குசினி வழியாகத்தான் கிளப்புக்குள் போக வேண்டும். சிவப்புக் கோட்டும் குசினி வழியாகவே போனது. அஸீஸ் வெளியே ஜன்னலடியில் நின்றுகொண்டார்.

மூன்று மணி அளவில் ஆட்டம் சூடுபிடித்தது. ராமாமிர்தம் ஒரு நிமிஷம் கிளாரினெட் ஊதினார். கண்ணை மூடினார். பிடிலுக்குத் தாவினார். பிறகு சாக்ஸபோன், மறுபடி கிளாரினெட். துரைமார் மெய்ம்மறந்தார்கள். நுனிப்புல் மேய்வதுதான் கொழும்பில் வந்திருக்கும் புதுப் பாணி என்று ஒரு துரைசாணி இன்னொரு துரைசாணிக்கு விளக்கினாள். கிளப்புச் செயலாளர் துரை கைதட்டிக்கொண்டே மேடைக்கு வந்து ஸரூக்கின் காதில் ஏதோ சொன்னார்.

"மாஸ்டர், யோகம் அடிச்சிருச்சு!" என்றார் ஸரூக். "வேலை உங்களுக்குத்தான். ஆனா துரை தனியாக் கேக்கணுமாம். சாக்ஸபோனை மட்டும் புடிங்க. நாங்க நிறுத்திருவோம். ஒரு அஞ்சு நிமிஷம் ஊதுங்க, போதும்."

கோஷ்டி நின்றது. சபை காத்திருந்தது.

முதல் நிமிஷம் வழக்கம்போலப் போயிற்று. அது முடிந்ததும் ராமாமிர்தம் கண்ணை மூடினார். ஆனால் தாவுவதற்கு எதுவும் இல்லை. பிடிலையும் கிளாரினெட்டையும் ஸரூக் மரியாதையாக ஓரமாக எடுத்து வைத்துவிட்டார். வாயில் பித்தளைக் குழல், நெஞ்சு நிறைய மூச்சு, தலையில் ஒன்றுமில்லை. அப்போது தலையைக் கேட்காமல் நெஞ்சே ஊதத் தொடங்கியது: இரண்டு நீளம், மூன்று குட்டை, கடைசியில் இழுத்து ஒரு வால்.

கிளப்புக்குக் கீழே கல்லுமலைத் தேயிலைத் தோட்டம். சென்னைப் பட்டணத்தில் இருந்ததாகச் சொன்ன அந்தப் பன்னிரண்டு வருஷமும், வெறும் ராமனாக அந்தத் தோட்டத்தில்தான் அவர் கொம்பு ஊதினார். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கூப்பிட ஒரு ஊத்து. சாயங்காலம் வேலை விட ஒரு ஊத்து. இப்போது வந்தது இரண்டாவது.

மூணாம் நம்பர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த இராக்கம்மா நிமிர்ந்தாள். "கொம்பு ஊதியாச்சு. எறங்குங்கடி."

இராமையா கங்காணி வானத்தைப் பார்த்தார். "ஏய், நில்லுங்க! மணி மூணரைகூட ஆகல!"

"மணி ஒங்களுக்குங்க கங்காணி. எங்களுக்குக் கொம்புதான்."

நூற்றுநாற்பது பெண்கள் அரைக்கூடைக் கொழுந்தோடு இறங்கினார்கள். மேலே கைதட்டல் கூரையைப் பிய்த்தது. இவ்வளவு துக்கமும் இவ்வளவு விடுதலையும் ஒரே ராகத்தில் கேட்டதில்லை என்றார் செயலாளர். இன்னொரு தடவை வேண்டும் என்றார்கள். ராமாமிர்தம் முழு பலத்தோடு இன்னொரு தடவை ஊதினார். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கத் தோட்டமும் இறங்கத் தொடங்கியது.

ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போகிற பாதை கிளப்பு வராந்தாவை ஒட்டித்தான் போகிறது. கைதட்டிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிய கல்லுமலைத் துரை, தன் கூலிகள் எல்லாரும் வரிசையாக வீட்டுக்குப் போவதைப் பார்த்துக் கைதட்டலை நிறுத்தினார். ஜன்னலுக்கு வெளியே இராக்கம்மாவும் நின்றுவிட்டாள்.

"அடியே வேலாயி, இங்க பாருடி! நம்ம கொம்பு ராமன்! அந்த வாலு இழுக்கையிலயே நெனைச்சேன். என்னடா ராமா, கோட்டெல்லாம் பலமா இருக்கு!"

"ஓ, கொம்பு ராமனா?" என்றார் அஸீஸ், மிகுந்த மரியாதையோடு. "சொல்லுங்க அக்கா, எத்தனை வருஷம் ஊதினாரு?"

"பன்னெண்டு வருஷம்."

"பன்னெண்டு. கணக்குச் சரிதான்."

கல்லுமலைத் துரைக்கு விஷயம் மொழிபெயர்க்கப்பட்டது. அவர் முகம் கோட்டின் நிறத்துக்கு வந்தது. இறக்கினவனே திரும்ப ஏற்றட்டும் என்று சொல்லி, ராமாமிர்தத்தைச் சாக்ஸபோனோடு டென்னிஸ் புல்வெளியில் கொண்டுபோய் நிறுத்தினார். ஆட்கள் மலைக்குத் திரும்பினால் எல்லாம் மறக்கப்படும், பேண்ட் மாஸ்டர் வேலையும் அப்படியே இருக்கும் என்று செயலாளர் நடுவில் புகுந்து ஒரு வழி செய்துகொடுத்தார்.

ராமாமிர்தம் பெரட்டு ஊத்தை ஊதினார். பிழையில்லாமல், சுருதி விலகாமல், முதலிலிருந்து கடைசி வரை ஊதினார். லயத்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்த இராக்கம்மா காதைத் தீட்டிக் கேட்டாள்.

"இது கொம்புச் சத்தமே இல்லடி. பித்தளைச் சத்தம்."

"அப்ப சித்த மின்ன ஊதுனது?" என்றாள் வேலாயி.

"அது நம்ம கொம்பு."

இராமையா கங்காணி லயத்துக்கும் புல்வெளிக்குமாக நாலு தடவை ஏறி இறங்கினார். ஐந்தாம் தடவை, தனக்கும் அது பித்தளைச் சத்தமாகத்தான் படுகிறது என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். ராமாமிர்தம் நிறுத்தவில்லை. நிறுத்தினால் வேலை போச்சு. ஐந்தரை மணிவரை, பனி இறங்கிக் கோட்டுச் சரிகை நனைந்து தொங்கும்வரை ஊதினார். ஒருத்தியும் வரவில்லை.

உள்ளே ஸரூக் மாஸ்டர், மிச்சமிருந்த ஆட்களை வைத்து நடனத்தைக் கடைசிவரை நடத்தி முடித்தார். மூன்று வாத்தியம் குறைகிறது என்று யாரும் சொல்லவில்லை.