இலை போர்த்திய கன்றுகள்

செர்வா ஆரஞ்சு இலையைத் திருப்பி வெயிலுக்கு நேரே பிடித்தாள். நடுவில் சாம்பல் வட்டம், சுற்றிலும் மஞ்சள் வளையம். காயிலும் அதே வடு, குழிந்து கறுத்து. பல்கலைக்கழகத்தில் மூன்று மாதம் நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்துக் கண் வலித்த அதே பூஞ்சை. சந்தேகமே இல்லை.

ஊர் வேறு முடிவில் இருந்தது. தோட்டங்களுக்கு மருந்தடிக்கிற வடக்கத்திக்காரன் இசாகு எதையோ தப்பாகக் கலந்து காயைச் சுட்டுவிட்டானாம். ஒன்பது வருஷம் தெளிப்பான் சுமந்தவனை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஊரைவிட்டு அனுப்பிவிடப் போகிறார்கள்.

ஆறு தோட்டம் நடந்தாள். ஆறிலும் நோய் தொடங்கியிருந்தது அவள் அப்பா அஜெய்கும் விற்ற ஆரஞ்சுக் கன்றுகளில்தான். வண்டியில் ஏற்றும்போது வெயில் படாமலிருக்கத் தன் கிழட்டு மரத்துக் கிளைகளை ஒடித்துப் போர்த்தி அனுப்புவார் அவர். அந்த மரம் முழுக்க மஞ்சள் வளையம். அந்தக் கன்றுகள்தான் அவளைப் படிக்க வைத்தவை.

"நோய் நம்ம மரத்து இலைல இருக்குப்பா. நீங்கதான் வீடு வீடா அனுப்பியிருக்கீங்க."

அவர் ஒரு ஆரஞ்சின் தோலை அறுபடாமல் சுருள் சுருளாகச் சீவிக்கொண்டிருந்தார். "கூட்டத்துல சொல்லப்போறியா?"

"சொல்லாம?"

"சொல்லு. அப்பன் மானத்த வாங்கத்தானே படிக்கவச்சேன்."

பழத்தின் மேல்முனையை வெட்டி, சாறு உறிஞ்ச அவளிடம் நீட்டினார். உறிஞ்சினாள். இனித்துத் தொலைத்தது.

கூட்டத்தில் தலைவர் எழுந்தே வரவேற்றார். "டாக்டரம்மாவுக்கு வழி விடுங்கப்பா."

"மருந்தால வரல. இது பூஞ்சை. காளான் சாதி."

"காளானா? அப்ப சூப்புல போட்டுரலாம்!" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

சிரிப்பு அடங்கியதும் தலைவர் கேட்டார். "சரி, எங்கேருந்து வந்துச்சு? அதச் சொல்லு."

மூன்றாம் வரிசையில் அப்பா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் இசாகு தொப்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி அவளையே பார்த்தான்.

"காத்துல," என்றாள்.

"காத்து எங்கேருந்து வருது? வடக்கேருந்து. இவன் எங்கேருந்து வந்தான்?" என்றான் அதே ஆள், இசாகுவைக் காட்டி.

கூரை அதிரச் சிரித்தார்கள். அவ்வளவுதான். இசாகுவின் ஒன்பது வருஷம் முடிந்தது. அவள் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை இசாகு சாமான்களை வண்டியில் ஏற்றினான். டெச்சிமான் பக்கம் அவன் தம்பி புதிதாக ஆரஞ்சு போட்டிருக்கிறான். அப்பா பன்னிரண்டு கன்றுகளைக் கொண்டுவந்து வைத்தார், இனாமாக. பிறகு கிழட்டு மரத்தில் கை நீட்டிக் கிளைகளை ஒடித்தார்.

"அப்பா, இலை வேணாம்."

"வெயில்ல கன்னு செத்துரும்." ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார். "உனக்கென்ன தெரியும்?"

"ஐயாவ ஏதும் சொல்லாத தங்கச்சி," என்றான் இசாகு. அவன் கண் கலங்கியிருந்தது. "இந்த ஊர்ல இவர் ஒருத்தர்தான் மனுஷன்."

வண்டி கிளம்பியது. சாமான்கள்மேல் உட்கார்ந்திருந்த இசாகு ஒரு கையை அவர்களுக்கு ஆட்டினான். இன்னொரு கையால், ஒன்றுகூடக் காற்றில் பறந்துவிடாமல், அந்த இலைகளை அழுத்திப் பிடித்திருந்தான்.