நடக்காத சனிக்கிழமைச் சோதனை

வெள்ளிக்கிழமை மாலை, சர்வர் அறைக் குளிருக்கென்று இருவருக்கும் பொதுவாக வாங்கிவைத்திருந்த ஸ்வெட்டரைக் கழற்றி நீட்டியபடி மாப்பிள்ளை சொன்னார்: "மச்சான், நாளைக்கு என் முறை. நீங்க பாத்துக்கங்களேன். நெஞ்சுல வாயு பிடிச்ச மாதிரி இருக்கு."

"வாயு இல்ல மாப்ள, சோம்பேறித்தனம். என் தங்கச்சி சமையல் மேல பழியைப் போடாதீங்க."

"சமையலைப் பத்தி நான் வாய் தொறந்தா வீட்டுக்குள்ள விடமாட்டா. நீங்க தாராளமாச் சொல்லலாம், கூடப் பொறந்தவரு!"

சிரித்துக்கொண்டே மாப்பிள்ளை படியிறங்கினார். அலுவலகத்துக்கே 'அண்ணன்' ஆனவரை மச்சான் என்று கூப்பிட அங்கே இருந்தது தங்கையின் கணவர் ஒருவர்தான்.

நாற்பது கடைகளுக்கு மூக்குக்கண்ணாடி செய்து கொடுக்கும் நிறுவனம் அது. யாருக்கு எந்தக் கண்ணில் என்ன பவர் என்பதெல்லாம் கணினியில் இருந்தது. தினமும் அதைப் பிரதி எடுத்துப் பூட்டிவைக்க ஒரு பேக்கப் மென்பொருள் உண்டு. மாதத்தின் முதல் சனிக்கிழமை, இருவரில் ஒருவர் அந்தப் பிரதியை வெற்றுக் கணினி ஒன்றில் திரும்ப எடுத்து, பத்துப் பேருடைய விவரத்தைத் திறந்து பார்த்துப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். பிடிவாதம் பிடித்து இந்த விதியைக் கொண்டுவந்தவரே மாப்பிள்ளைதான். "எடுத்து வைக்கிறது யாருக்கும் வரும். திரும்ப வருதான்னு பாக்கணும்ல?" என்பார்.

சனிக்கிழமை அண்ணன் போய்த் திரையைப் பார்த்தார். எல்லாம் பச்சை. சோதனைக்கு மூன்று மணி நேரம் ஆகும். பச்சையாகத்தானே இருக்கிறது என்று மாப்பிள்ளையின் சுருக்கொப்பத்தைப் படிவத்தில் கிறுக்கிவிட்டு, பதினோரு மணிக்கெல்லாம் வீடு திரும்பினார். ஒருவர் முறைக்கு மற்றவர் அவர் பெயரிலேயே கையெழுத்திடுவது அவர்களுக்குள் வழக்கம். வேலையைச் செய்யாமல் இட்டது அதுதான் முதல் தடவை.

ஞாயிறு காலை செருப்பு மாட்டக் குனிந்த மாப்பிள்ளை நிமிரவில்லை.

அவர் போன பன்னிரண்டாம் நாள் சர்வரில் மூன்று டிஸ்க்குகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. பிரதி இருந்தது, ஆனால் அதைத் திறக்க மென்பொருள் சாவி கேட்டது, அதாவது ஒரு நீண்ட ரகசியக் குறியீடு. அந்தச் சனிக்கிழமைக்கு மூன்று நாள் முன்னால்தான் மென்பொருள் கம்பெனி ஆள் புதுச் சாவி போட்டிருந்தான். போட்டவன் அதை அதே சர்வரில்தான் சேமித்திருந்தான். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய மாதிரி. சோதனை நடந்திருந்தால் ஐந்தே நிமிடத்தில் தெரிந்திருக்கும். பழைய சாவியில் பூட்டியவை திறந்தன. அதற்குப் பிந்தியது எல்லாம் போயிற்று. இரண்டாயிரம் பேர் மறுபடி கண் பரிசோதனைக்கு வர வேண்டியதாயிற்று.

மேலாளர் படிவத்தைப் புரட்டினார். "பாத்ததா கையெழுத்துப் போட்டிருக்காரு. போனவரைக் கூப்பிட்டா விசாரிக்க முடியும்? அவர் மேலயே எழுதி முடிச்சிடலாம். இருக்கிறவங்க வேலையாவது தப்பிக்கும்."

அண்ணன் வாயைத் திறக்கவில்லை.

துக்கம் கேட்க வந்த யாரோ தங்கையின் காதில் அதைப் போட்டுவிட்டார்கள். துவைத்த துணிகளை மடித்தபடி அவள் கேட்டாள்: "அண்ணா, அவர் பொய்க் கையெழுத்துப் போடுற ஆளா? கூடவே இருந்தவன் நீ. சொல்லு."

"நான்தாம்மா போட்டேன்."

மடித்த சட்டையை அவள் மறுபடி பிரித்தாள், மறுபடி மடித்தாள். "அன்னிக்கு நெஞ்சுக்கு ஒத்தடம் குடுத்துட்டிருந்தேன். மச்சான் பாத்துக்குவாருன்னு நிம்மதியாத் தூங்கினாரு. எங்கிட்ட எதுக்குச் சொல்ற? அங்க போய்ச் சொல்லு."

சொன்னார், எழுதியும் கொடுத்தார். மேலாளர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே, அண்ணே. அறிக்கை மேலிடத்துக்குப் போய் நாலு நாள் ஆச்சு. மூடினதை அவங்க திறக்கமாட்டாங்க."

கடிதம் ஒரு கோப்புக்குள் போயிற்று. அண்ணனை இரண்டு மாதம் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள், பிறகு சேர்த்துக்கொண்டார்கள். தங்கை இப்போதெல்லாம் கதவைத் திறக்கிறாள், உட்காரச் சொல்கிறாள். அறிக்கையின் நான்காம் பக்கத்தில், பொறுப்பானவர் என்ற கட்டத்தில், மாப்பிள்ளையின் பெயர்தான் இருக்கிறது.