பதினொன்றாம் நம்பர் ஜோடி

செருப்புக்கடை அம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம், கண் அதைவிடக் கூர்மை. ஆள் வாசலில் காலை வைத்ததுமே "ஏழு, அகலக் கால்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுக்கப் போய்விடுவாள். இருபது வருஷத்தில் கணக்கு தப்பியதே இல்லை. அப்பேர்ப்பட்டவள் கட்டின புருஷன் காலில் கோட்டை விட்டாள் பாருங்கள், யானைக்கும் அடி சறுக்கும் என்பது சும்மாவா?

புருஷன் வாட்ச் ரிப்பேர்க்காரர். அதே கடையில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் மேஜை. கல்யாணமான நாளிலிருந்து எட்டாம் நம்பர்தான் அவருக்கு. மூன்று வருஷம் முன்னால் எட்டு கடித்தது. ஒன்பது கொடுத்தாள். அதுவும் கடித்தது, பத்து கொடுத்தாள். "கம்பெனிக்காரனுங்க தோலை மிச்சம் பிடிக்கிறானுங்க. அளவைக் குறைச்சுட்டு நம்பரை மட்டும் பழையபடி அடிக்கிறானுங்க" என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள். கம்பெனிக்கு மூன்று கடிதம் போனது, மூன்றும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி.

மூன்றாவதுக்குக் கம்பெனி ஆளே அளவுப் பலகையோடு வந்துவிட்டார். பொறுமைசாலி. பரணில் கிடந்த பழைய எட்டையும் புது எட்டையும் அடியோடு அடி சேர்த்துக் காட்டினார். மயிரிழை வித்தியாசமில்லை. அடுத்து வாட்ச்காரரின் பாதத்தைப் பலகையில் வைக்கச் சொன்னார். பத்தில் நின்றது.

"செருப்பு சுருங்கலைம்மா. கால்தான் வளர்ந்திருக்கு."

"நாப்பத்தெட்டு வயசுல கால் வளருமா? யார் காதுல பூ சுத்தறீங்க?" என்று எகிறியவள், புருஷன் கையைப் பார்த்ததும் நிறுத்தினாள். விரல்கள் தடித்திருந்தன. சின்ன திருகாணி கையில் நிற்கமாட்டேன் என்கிறது என்று ஆறு மாசமாக முனகுகிறார். தாடை முன்னுக்கு வந்திருக்கிறது. தினமும் தலைவலி. பக்கவாட்டில் வந்த சைக்கிள் தெரியாமல் போன வாரம் இடித்துக்கொண்டார். எல்லாம் கண்ணெதிரேதான் நடந்தது. அன்றைக்கே கடையைச் சாத்திவிட்டு அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா ஸ்கேன் படத்தைக் காட்டி விளக்கினார். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி. அதில் கட்டி. புற்றுநோய் இல்லை, ஆனால் வளர்ச்சி ஹார்மோனை அளவில்லாமல் சுரக்கிறது. பார்வை நரம்பையும் அழுத்துகிறது, விட்டால் கண் போய்விடும். மூக்கு வழியாக எடுக்கலாம். "முழுசா போயிடுச்சான்னு மூணு மாசம் கழிச்சுதான் சொல்ல முடியும்."

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் அழுதாள். "ஊர்க் காலையெல்லாம் பார்த்தேன், உங்க காலைப் பார்க்காம விட்டுட்டேனே."

"அட போ முதலாளியம்மா. நீ சண்டை போட்டதாலதானே பலகை வந்துச்சு? உன் வாய்தான் என் கண்ணைக் காப்பாத்தப் போகுது" என்றார் அவர்.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு முதல் நாள், பதினொன்றாம் நம்பரில் ஒரு ஜோடியைக் கல்லாவுக்குக் கீழே யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்தாள். கட்டி மிச்சமிருந்தால் கால் இன்னும் வளரும். அப்போது மனுஷன் செருப்புக்கு அலையக் கூடாது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பார்வை தெளிந்தது, தலைவலியும் விட்டது. ஆனாலும் ஞாயிறு தவறாமல் காலண்டர் தாளின் பின்பக்கம் அவர் பாதத்தை வைத்துப் பென்சிலால் கோடு இழுப்பாள். "கூசுதுடி" என்பார். "அசைஞ்சா முதல்லேருந்து வரைவேன்" என்பாள். ஒவ்வொரு தாளையும் பழைய தாளின் மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பாள். கோடு கோட்டின் மேலேயே உட்கார்ந்தால்தான் பென்சிலைக் கீழே வைப்பாள்.

மூன்றாம் மாசம் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. "ஹார்மோன் சரியாயிடுச்சு. வளர்ந்த எலும்பு சுருங்காது, ஆனா இனிமே வளரவும் செய்யாது" என்றார் டாக்டரம்மா.

"அப்போ இவருக்குப் பத்துதானா?" என்றாள்.

"பத்தேதான்."

நேரே கடைக்குத்தான் வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் நெட்டையாக ஒரு லாரி டிரைவர் நுழைந்தார். எந்தக் கடையிலும் தன் அளவு கிடைப்பதில்லை என்று அலுத்துக்கொண்டார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் குனிந்து கல்லாவுக்குக் கீழே கையை விட்டாள்.

பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டு வாட்ச்காரர் எட்டிப் பார்த்தார். "நம்ம கடையில பதினொண்ணு ஏது?"

"ஒருத்தருக்காக வாங்கி வெச்சிருந்தேன்" என்றாள், டிரைவர் காலில் வாரை இழுத்து மாட்டிக்கொண்டே. "அவருக்கு இனிமே வேண்டாமாம்."