பெர்னியின் நாற்காலி

வாரன் ஹால்டேன் ஐம்பத்து மூன்று வயதுவரை மேடையில் செத்துக்கொண்டே இருந்தவன். விஷம் குடித்துச் செத்தான், கத்தி பாய்ந்து செத்தான், ஒரு நாடகத்தில் மகளை நினைத்து ஏங்கியே செத்தான். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் நாடகம் பார்க்கிறவர்கள் சுவரொட்டியில் அவன் பெயரைக் கண்டால் கைக்குட்டையோடு வருவார்கள். அப்படிப்பட்டவனுக்கு அந்தக் குளிர்காலத்தில் ஒரு சிரிப்பு வேடம் வந்தது. இரண்டு மனைவிகள் உள்ள ஒரு விருந்தாளியை, அந்த இருவர் கண்ணிலும் படாமல் ஒளித்துவைக்கத் திண்டாடும் விடுதிக்காரன் வேடம்.

ஒத்திகையின் முதல் வாரத்திலேயே வண்டவாளம் தெரிந்துவிட்டது. அவன் வழுக்கி விழுந்தால் மற்ற நடிகர்கள் பதறிப்போய் ஓடி வந்து தூக்கினார்கள். இயக்குநர் ஓடெட் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"வாரன், நீ சிரிப்பைப் பிச்சை கேக்கறே. கேட்டா ஒருத்தனும் போடமாட்டான். போய் நல்ல காமெடியன்களைப் பாரு. அவங்க என்ன பண்றாங்கன்னு உக்காந்து பாரு."

பார்த்தான். பேசாப்பட காலத்து ஆட்களிலிருந்து தொடங்கி, கிடைத்ததையெல்லாம் போட்டுப் பார்த்தான். ஒன்று புரிந்தது. அந்த மேதைகள் யாரும் வேடிக்கை காட்டுகிறோம் என்ற நினைப்பில் எதையும் செய்யவில்லை. தொப்பி பறந்தால் உயிரே பறந்ததுபோல் ஓடினார்கள். புரிந்து என்ன, அது அவன் உடம்பில் இறங்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்று செய்து பார்த்தால், தொப்பிக்காக ஓடும் ஒரு துக்க நடிகன்தான் தெரிந்தான்.

ஓடெட்தான் பெர்னடெட் நோவாக்கைப் பற்றிச் சொன்னாள். எல்லாருக்கும் அவள் பெர்னி; தனியாக மைக் பிடித்து ஊரைச் சிரிக்க வைப்பவள். டிவியில் வந்ததில்லை, ஆனால் அந்த வட்டாரத்துக் காமெடியன்கள் அவள் மேடை ஏறினால் குடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். திங்கட்கிழமை நாடகக் கொட்டகைக்கு விடுமுறை. திங்கட்கிழமை மாலைதான் பெர்னி ஆற்றங்கரை பார் ஒன்றில் புதிதாகத் தயாரித்த வேடிக்கைகளை ஆடிப் பார்ப்பாள். வாரன் போய்த் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, பார்த்துக் கற்றுக்கொள்ளலாமா என்று கேட்டான்.

"ராஜா வேஷம் கட்டற ஆளுதானே நீ? போன வருஷம் நீ செத்ததைப் பாத்தேன். நல்லா செத்தே" என்றாள் பெர்னி. "தாராளமா பாரு மகாராஜா. பாக்கறதுக்கு என்ன வந்துச்சு?"

அவள் செய்தவற்றில் நாற்காலிதான் உச்சம். மேடையில் பின்னால் நகரும்போது நாற்காலியில் இடித்துக்கொள்வாள். "சாரி" என்பாள். இரண்டடி போவாள். அந்த மன்னிப்பு போதவில்லையோ என்று சந்தேகம் வரும். திரும்பி வந்து ஒழுங்காக மன்னிப்புக் கேட்பாள். நாற்காலி பேசாது. கெஞ்சுவாள், விளக்கம் சொல்வாள், கோபித்துக்கொள்வாள், கோபித்துக்கொண்டதற்கும் மன்னிப்புக் கேட்பாள். கடைசியில் அதன்மேல் உட்கார மனம் வராமல், பக்கத்தில் தரையில் ஒடுங்கி உட்கார்ந்துகொள்வாள். அதற்குள் பாரில் பாதிப்பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பொரித்த மீன் சாப்பிடும்போது வாரன் கேட்டான்.

"எப்படி வந்துச்சு அந்த நாற்காலி?"

"என் வீட்டுக்காரன் விட்டுட்டுப் போனப்போ வந்துச்சு. அந்த வருஷம் முழுக்க எல்லார்கிட்டயும் சாரி சொல்லிட்டுத் திரிஞ்சேன். ஒருநாள் பாத்தா சமையல்கட்டு நாற்காலிகிட்ட நிஜமாவே கேட்டுட்டு நிக்கறேன்." எலுமிச்சையை மீன்மேல் பிழிந்தாள். "அதைப் பாத்துச் சிரிக்க எனக்கு ஆறு வருஷம் ஆச்சு மகாராஜா. யார்கிட்டயும் சொன்னதில்ல. நீயும் சொல்லாதே."

சொல்லவில்லை. செய்தான்.

முன்னோட்டக் காட்சிக்கு முந்தைய நாள் ஒத்திகையில், இரண்டாம் அங்கத்தில் விடுதிக்காரன் பின்னால் நகர்ந்து நாற்காலியில் இடித்துக்கொண்டான். "மன்னியுங்கள்" என்றான். இரண்டடி போனான், நின்றான், திரும்பினான். சக நடிகர்கள் வசனத்தை மறந்து சிரித்தார்கள். விளக்குப் போடுகிறவர்கூட மேலேயிருந்து சிரித்தார்.

"எங்கே பிடிச்சே இதை?" என்று கேட்டாள் ஓடெட்.

பெர்னி என்று சொல்ல ஒரு மூச்சு போதும்.

"சும்மா... தோணுச்சு" என்றான் வாரன்.

நாடகம் பிய்த்துக்கொண்டு போனது. பத்திரிகையில் நாற்காலிக்கு மட்டும் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தார்கள்: இத்தனை காலம் இந்தக் கலைஞனை அழவிட்டு வீணடித்துவிட்டோம். வாரன் அதைப் படித்தபோது முகம் சூடேறியது. பாராட்டினால் வந்த சூடு என்று தனக்கே சொல்லிக்கொண்டான். எல்லாரும் யாரிடமிருந்தோ எடுத்ததுதானே, தொப்பி பறப்பதை முதலில் கண்டுபிடித்தவன் எவன் என்று யாருக்குத் தெரியும் என்றும் சொல்லிக்கொண்டான். திங்கட்கிழமைகளில் பாருக்குப் போவதையும் விடவில்லை. பெர்னிக்கு மற்ற நாட்களில் மாலை வேலை. அவள் நாடகத்துக்கு வரமாட்டாள் என்று கணக்குப் போட்டிருந்தான்.

ஒரு திங்களன்று மாண்ட்ரியல் சிரிப்பு விழாவுக்கு ஆள் எடுக்கிறவர் பெர்னியைப் பார்க்க வந்திருந்தார். பார் முழுக்கத் தெரிந்துபோன ரகசியம் அது. பெர்னி மேடை ஏறி, பேச்சோடு பேச்சாகப் பின்னால் நகர்ந்து இடித்துக்கொண்டாள். "சாரி" என்றாள். இரண்டடி போனாள்.

முன்வரிசையிலிருந்து கம்பளிச் சட்டை போட்ட ஒருவன் உரக்கச் சொன்னான்.

"அட, இதை அந்த விடுதி நாடகத்துல பாத்துட்டோமே! அந்த ஆளு இதவிட நல்லா பண்ணுவான்மா!"

பக்கத்து மேசையில் நாலைந்து பேர் தலையாட்டினார்கள். பெர்னி அசையவில்லை. கண்கள் மட்டும் கூட்டத்தில் தேடிக் கடைசி மேசைக்கு வந்தன.

வாரன் எழுந்திருக்கலாம். "அது இவளுடையது, நான்தான் எடுத்தேன்" என்று ஒரு வாக்கியம். கொட்டகையின் கடைசி வரிசைவரை மைக் இல்லாமல் எட்டும் குரல் அவனுக்கு. அவன் குனிந்து பீர் நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்படியா? அப்போ டிக்கெட் காசை அவன்கிட்டயே குடுங்க, இங்கே எதுக்கு வந்தீங்க?" என்றாள் பெர்னி. சிரித்தார்கள். வேறு ஏதோ பழைய கதைக்குத் தாவி நேரத்தை ஒப்பேற்றினாள். மாண்ட்ரியல்காரர் அது முடிவதற்குள் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். வாரனும் கழிவறைப் பக்கக் கதவு வழியாக வெளியேறினான். நடைபாதைப் பனியில் இறங்கிய பிறகுதான் தொப்பியை விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. திரும்பிப் போய் எடுக்கத் தைரியம் வரவில்லை.

மறுநாள் மேடையில் அவன் நாற்காலிப் பக்கமே போகவில்லை. திரை விழுந்ததும் ஓடெட் ஓடி வந்தாள்.

"எங்கே போச்சு நாற்காலி?"

"அது என்னுது இல்ல ஓடெட்." நடந்ததைச் சொன்னான்.

"நான் கேட்டப்போ ஏன் சொல்லல? அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருப்பேனே. பேரைப் போட்டிருப்பேனே."

கேட்டிருந்தால் பெர்னி கொடுத்திருக்கவும் கூடும் என்பது அப்போதுதான் வாரனுக்கு உறைத்தது.

அடுத்த திங்கள் பாருக்குப் போய், மேடை ஏற விரும்புகிறவர்கள் வரிசையில் தன் பெயரையும் சேர்த்தான். பெர்னி பார் மேசையோரம் நின்றிருந்தாள். தன் பெயரைக் கூப்பிட்டதும் அவன் மேடை ஏறி மைக்கைப் பிடித்தான்.

"நான் இருபத்தஞ்சு வருஷமா ராஜா வேஷம் கட்டறவன்" என்றான். "எத்தனையோ நாட்டைத் திருடியிருக்கேன். ஒருத்தரும் கேட்டதில்ல. ஒரு நாற்காலியைத் திருடினேன், மாட்டிக்கிட்டேன்."

ஓரிருவர் சிரித்தார்கள்.

"திருடன்னா இருட்டுல திருடுவான். நான் விளக்கெல்லாம் போட்டு, டிக்கெட் வித்துத் திருடினேன். பேப்பர்ல பாராட்டினாங்க. பெர்னி நோவாக்கோட நாற்காலி அது. போன வாரம் இங்கேயே உக்காந்திருந்தேன், வாயைத் திறக்கல. ஊமை ராஜா."

இப்போது எல்லாரும் சிரித்தார்கள். பிச்சை கேட்காமல் வந்த சிரிப்பு. அந்தச் சிரிப்பு அவனுக்குப் பிடித்திருந்தது. கீழே இறங்கி பெர்னியிடம் போகும்போது, ஏதோ பாரத்தை இறக்கிவிட்டவன்போல் நடந்தான்.

"நல்லா இருந்துச்சு" என்றாள் அவள். "நல்லாவே கத்துக்கிட்டீங்க."

"பெர்னி, நான்—"

"ஆனா பாருங்க, அதுவும் என்கிட்டேருந்து எடுத்ததுதான். எனக்கு நடந்ததைச் சொல்லித்தான் சிரிப்பு வாங்கினீங்க. மன்னிப்பு எனக்கு, கைதட்டு உங்களுக்கா?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. மகாராஜா என்றும் அழைக்கவில்லை. வாரனுக்குக் காது மடல்கள் எரிந்தன. அவள் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், பார்க்க வேறு இடமில்லை.

மறுநாள் காலை, கேட்பதற்கு யாரும் இல்லாத அறையில் உட்கார்ந்து மாண்ட்ரியல்காரருக்குப் போன் செய்தான். சிரிப்பு எதுவும் கலக்காமல் உள்ளதைச் சொன்னான்.

"சொன்னதுக்கு நன்றி" என்றார் அவர். "ஆனா இந்த வருஷம் இடம் நிரம்பிடுச்சு. அடுத்த வருஷம் பாக்கறேன்னுதான் சொல்ல முடியும்."

பத்திரிகையில் பாராட்டி எழுதியவருக்கும் பேசினான். அவர் ஒரு மூலையில் நான்கு வரி திருத்தம் போட்டார். பிறகு பெர்னிக்குப் பேசி, செய்ததை மட்டும் சொன்னான்.

"சரி. நல்லது" என்றாள்.

"திங்கட்கிழமை வந்தா... பின்னால ஒரு மூலையில..."

"வேணாம் வாரன். நீங்க உக்காந்திருந்தா என்னால புதுசா எதையும் ஆடிப் பாக்க முடியாது."

அதன்பிறகு அவன் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. நாடகம் இன்னும் ஐந்து வாரம் ஓடியது. விடுதிக்காரன் விழுந்தால் பார்வையாளர்கள் மரியாதைக்குச் சிரித்தார்கள். சிலர் வாசலில் நின்று, "அந்த நாற்காலி வர்ற இடத்தை ஏன் எடுத்துட்டீங்க?" என்று ஆசையாகக் கேட்பார்கள். அவன் காரணத்தைச் சொல்வான். கேட்டவர்கள் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நகர்வார்கள். எத்தனை முறை சொன்னாலும் ஒவ்வொரு முறையும் புதிதாகவே கூசியது.