எழுத்து ஓடி முடியும்வரை

நான் பொத்தானை அழுத்தினேன். இதை எவன் முன்னாலும் சொல்வேன்.

நானும் என் மனைவியும் ஒரே சலவை ஆலையில் வேலை. ஈர விரிப்புகளைச் சூடான உருளைகளுக்குள் அவள் விடுவாள். மறுபக்கம் நான் வாங்கி மடிப்பேன். அந்த இயந்திரத்தில் புதிதாக ஒரு மின்பலகையை மாட்டி, நிறுத்தும் பொத்தானையும் அதோடு இணைத்தார்கள். 'பாதுகாப்பே முதல் கடமை' என்று சிவப்பு எழுத்து ஓடும். அது ஓடும்போதுதான் அவள் விரல்கள் விரிப்போடு உள்ளே போயின. அலறல் கேட்டதுமே நிறுத்தும் பொத்தானைக் குத்தி, கையை எடுக்காமல் பிடித்திருந்தேன். எழுத்து ஓடி முடிந்த பிறகுதான் உருளை நின்றது.

சூப்பர்வைசர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: "ஐயா இந்த வயசுல நாலெழுத்து கத்துக்கிட்டாலும் கத்துக்கிட்டார், போர்டைக் கண்டா எழுத்துக்கூட்டிட்டு நிக்கிறார். பொண்டாட்டி கை போனாலும் வரியை முடிச்சிட்டுத்தான் வருவார்!"

சிரித்தார்கள். அதையாவது விழுங்கிவிடலாம். வீட்டில், கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவளே கேட்டாள்: "உண்மையைச் சொல்லுங்க. படிச்சிக்கிட்டா நின்னீங்க?"

மறுநாள் பலகைக்கு புரோகிராம் எழுதியவன் வந்தான். ஏன் நிற்கவில்லை என்று கேட்டேன். மடிக்கணினியிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னான்:

"என் தப்புதான்ணே. ஒவ்வொரு எழுத்தா நகர்த்திட்டு, கொஞ்ச நேரம் சும்மா இருன்னு சிப்புக்கு எழுதியிருந்தேன். வரி முடியிற வரைக்கும் சிப் வேற எதையும் பாக்காது. பொத்தானையும்தான். இப்ப மாத்திட்டேன். காத்துக்கிட்டு நிக்காம, நேரமாச்சான்னு கடிகாரத்தை எட்டிப் பாக்கும். ஆகலேன்னா பொத்தானைப் பாக்கும். சின்ன விஷயம்ணே."

சின்ன விஷயமா! அடுப்பில் பாலை வைத்தவர்கள்கூட வாசலில் யார் கூப்பிட்டாலும் காது கொடுக்கிறார்கள். ஆளைக் காப்பாற்றும் பொத்தானை இப்படியொரு தூங்குமூஞ்சியிடமா ஒப்படைப்பார்கள்?

"சூப்பர்வைசர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். சரி பண்ணியாச்சுல்ல, வெளிய பேசாதேன்னாரு."

மடிக்கணினியை மூடினேன். "கெளம்பு."

"எங்கண்ணே?"

"என் வீட்டுக்கு. இப்ப சொன்னதை ஒரு வார்த்தை விடாம அவகிட்ட சொல்லு. சின்ன விஷயம்கிறதையும் சேர்த்து."

வந்தான். சொன்னான். 'சின்ன விஷயம்' மட்டும் வாயில் வரவில்லை. அவள் கையைப் பார்த்துவிட்டிருந்தான்.

அவள் எழுந்து செருப்பை மாட்டினாள்.

"எங்கடி போற?"

"சிரிச்சவங்க எல்லாம் இப்ப ஷிப்டுலதானே இருக்காங்க? அங்க வந்து சொல்லு தம்பி. நானும் வரேன்."